கஞ்சாச் செடிக்குப் போடாத மருந்தை ஏலக்காய்க்குப் போடுகிறோம்

தலைப்பைப் பார்த்துவிட்டு யாரும் எக்சைஸுக்கு போன் போட்டுவிட வேண்டாம். நான் கஞ்சா வளர்க்கவில்லை. குமுளியில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சொல்லை எழுதுவதே கொஞ்சம் துணிச்சலான காரியம், ஏனென்றால் கம்பத்திலிருந்து மலை ஏறும் பஸ்ஸிலும் மலை இறங்கும் ஜீப்பிலும் செக்போஸ்டில் பையைத் திறந்து காட்டியே வளர்ந்தவர்கள் நாங்கள். வருசநாடு மலை, இடுக்கி மலை என்று சொன்னாலே வெளியூர்க்காரர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், அதையும் பார்த்துச் சலித்துவிட்டது. நான் வளர்ப்பது மிளகுக் கொடி. வீட்டு மாடியில், முன்பு ஏலக்காய் மூட்டை அடுக்கிவைத்திருந்த அறையில், பாலிதீன் பைகளில் பன்னியூர்-1 ரக மிளகுத் தண்டுகளை வேர்விட வைக்கிறேன். வெளியே நிழல்வலைக்குக் கீழே வைத்தால் ஆடி மழையில் பாதி அழுகிப்போகிறது, அதனால் உள்ளே கொண்டுவந்து எல்.இ.டி. விளக்கு போட்டேன். ஊதாவும் சிவப்பும் கலந்த அந்த வெளிச்சம் இரவில் ரோட்டிலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும் போலிருக்கிறது. பால்காரர் ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "மாடில என்ன சார் கலர் லைட்டு?" என்று கேட்டார். கூட்டிப்போய்க் காட்டிய பிறகும் அவர் முழுசாக நம்பினாரா என்று தெரியாது.

பிரச்சினை ஈ. கொசுவை விடச் சின்னது, கறுப்பு, ரெண்டு மூணு மில்லிமீட்டர் இருக்கும், நேராகப் பறக்கவே தெரியாமல் பையின் விளிம்பில் ஓடி ஓடித் திரியும். டீ டம்ளரில் விழும். விளக்கைச் சுற்றும். காளான் வளர்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும், காளான் ஈ என்பார்கள், பிராடிசியா இனம். ஈயைப் பார்த்து எரிச்சல் வருமே தவிர பயம் வராது. பயப்பட வேண்டியது மண்ணின் மேல் ஓரிரு அங்குலத்துக்குள் இருக்கும் அதன் புழுவைப் பார்த்துத்தான். அது கண்ணாடி மாதிரி வெள்ளை, தலை மட்டும் மினுக்கும் கறுப்பு, நீளம் ஐந்து மில்லிமீட்டர். மட்கும் குப்பையையும் பூஞ்சணத்தையும் தின்று பிழைக்கிற ஜீவன்தான், ஆனால் கூட்டம் பெருகினால் புதிதாக விட்ட வேரின் தூவியைக் கடிக்கும். கடித்த இடத்தில் வேரை அழுகவைக்கும் பித்தியமும் பியுசேரியமும் நுழையும். மிளகுத் தண்டு போன வாரம் பச்சையாக ரெண்டு இலை விட்டிருக்கும், இந்த வாரம் பிடித்து லேசாக இழுத்தால் அடியில் வேரே இல்லாமல் கையோடு வந்துவிடும்.

மருந்துக்கடைக்குப் போனேன். எந்தக் கடை, எந்த ஊர் என்பது வேண்டாம். எங்கள் பக்கத்தில் எந்தக் கடைக்குப் போயிருந்தாலும் கிட்டத்தட்ட இதுதான் நடந்திருக்கும். நான் சொல்லி முடிப்பதற்குள் மண்ணில் தூவும் குருணை மருந்துப் பொட்டலம் ஒன்றை எடுத்து வைத்தார் கடைக்கார அண்ணன். "பைக்கு ஒரு சிட்டிகை போடுங்க, ஒரு புழு இருக்காது." அறை வீட்டுக்குள்ளே இருக்கிறது, கீழே அம்மா படுக்கிறார் என்றேன். "ஜன்னலத் திறந்து வைங்க" என்றார். அவர்மேல் கோபமே வரவில்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன். அவர் தப்பாக எதுவும் சொல்லிவிட்ட மாதிரி அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் அந்த நிமிஷம் தோன்றவில்லை. ஏலத்தோட்டத்தில் வேர்ப்புழு என்றால் குருணை என்பது எங்கள் அப்பா காலத்திலிருந்து வருகிற வழக்கம். போரேட் குருணையை வெறும் கையால் விசிறிவிட்டு, வாய்க்காலில் கை கழுவிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து சோறு சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கேரளா 2011-லேயே அதைத் தடை செய்தது. நாடு முழுக்கத் தடை வந்தது 2020 டிசம்பர் முடிவில். இடையில் இருந்த காலத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் வாங்கி இந்தப் பக்கம் போடுவது ஒன்றும் பெரிய ரகசியமாக இருக்கவில்லை. செக்போஸ்டில் அவர்கள் தேடுவது வேறு பொட்டலத்தை.

பொட்டலத்தை வாங்கவில்லை. இணையத்தில் தேடினேன். அங்கேதான் கூத்து. வீட்டுக்குள், தொட்டியில், விளக்கு வெளிச்சத்தில் வளரும் செடிக்கு மண்ணில் வரும் ஈயை எப்படி ஒழிப்பது என்று தேடினால், உருப்படியாகப் பதில் சொல்கிறவர்களில் பாதிப் பேர் கஞ்சா வளர்ப்பவர்கள். கனடா, கலிபோர்னியா, கொலராடோ. சட்டப்படி லைசென்ஸ் எடுத்தவர்கள், அல்லது வீட்டில் ரெண்டு செடி வைத்துக்கொள்ள அனுமதி உள்ளவர்கள். இங்கே ஒரு செடி வளர்த்தால் 1985-ஆம் வருஷத்துச் சட்டப்படி பத்து வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். அங்கே அவர்கள் தோட்டக்கலை வகுப்பு எடுப்பது போல நிதானமாக, புழுவைப் பூதக்கண்ணாடியில் படம் எடுத்துப் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூடக் குருணை போடு என்று சொல்லவில்லை. என்னை முதலில் உறுத்தியது அதுதான். இவ்வளவு பணம் புரளும் செடி, இவ்வளவு பதற்றம், ஆனாலும் ஏன் ஒருவரும் விஷத்தை எடுக்கவில்லை?

மாப்பிள்ளையின் மருந்துக் கம்பெனி

என் அத்தை மகன் ஒருவன் கனடாவில் ஒண்டாரியோ பக்கம் இருக்கிறான். குடும்பத்துக்குள் அவன் "மருந்துக் கம்பெனியில்" வேலை பார்க்கிறான். அத்தைக்கு அது மாத்திரைக் கம்பெனி. கல்யாண வீடுகளில் சர்க்கரைக்கு என்ன மாத்திரை நல்லது என்று அவனைக் கேட்பார்கள், அவனும் சளைக்காமல் சொல்வான். உண்மையில் அவன் வேலை பார்ப்பது கஞ்சா வளர்க்கும் ஒரு பெரிய கட்டடத்தில், பூச்சி பார்க்கும் ஆளாக. மண்டபம் மாதிரி அறைகள், வரிசையாகச் செடிகள். அவனுக்கு வேலையே ஒட்டுப்பொறி எண்ணுவதும் மண்ணைக் கிளறிப் பார்ப்பதும்தான். 2018 அக்டோபர் 17 அன்று அங்கே சட்டம் மாறியது, அதற்கப்புறம் சேர்ந்தான்.

வீடியோ கால் போட்டேன். நான் பைகளைக் காட்டினேன், அவன் பைகளைப் பார்க்கவே இல்லை. "மஞ்சள் அட்டை வெச்சிருக்கியா மாப்ள? அதக் காட்டு. கிட்ட. இன்னும் கிட்ட." மஞ்சள் ஒட்டுப்பொறியில் ஒட்டியிருந்ததை, அப்பா ஏலக்காய் தரம் பார்க்க வைத்திருந்த பழைய லென்ஸை கேமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டினேன். காலெல்லாம் நீளமாக, கொசு மாதிரி ஒடிந்து கிடந்தன. இறக்கையில் ஒய் வடிவத்தில் ஒரு நரம்பு பிரிவது தெரிந்தது. அவன் பார்த்தது வேறொன்றை. பின்பக்கத்தில் குட்டையாக ரெண்டு குழாய் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றதும் பெருமூச்சு விட்டான். குழாய் இருந்தால் அது ஈ இல்லையாம், இறக்கை முளைத்த வேர் அசுவிணியாம். அது வந்துவிட்டால் அவர்கள் கட்டடத்தில் தூக்கம் போய்விடும். அப்புறம் சொன்னான், அந்த அசுவிணி நம்ம நெல்லு வேரில் இருப்பதுதான் என்று. ரோபலோசைபம் ரூபிஅப்டாமினேல், நெல் வேர் அசுவிணி. கம்பம் பள்ளத்தாக்கின் வயலில் கேட்பாரற்றுக் கிடக்கக்கூடிய பூச்சி, கொலராடோவிலும் கனடாவிலும் குளிர்சாதன அறைக்குள் கஞ்சா வேரை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அவர்கள் வேர்விட வைக்கும் நார்க்கழிவுக் கட்டிகளும் நம் தென்னையிலிருந்து போவதுதான், பொள்ளாச்சிப் பக்கத்துக் களங்களில் காயப்போட்டிருப்பதைப் பஸ்ஸில் போகும்போதே பார்க்கலாம்.

சரி, என்ன மருந்து என்று கேட்டேன். சிரித்தான். "மருந்தா? இங்க நான் குருணையத் தொட்டேன்னா எனக்கு வேலை போகும், கம்பெனிக்கு மொத்தச் சரக்கும் போகும்."

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மண்டையில் உட்கார்ந்துகொண்டது இதுதான். கனடாவில் விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு தொகுதி கஞ்சாவையும் 96 பூச்சிமருந்துகளுக்குச் சோதிக்க வேண்டும். கலிபோர்னியாவில் 66. ஒன்று மிஞ்சினாலும் தொகுதி நிற்கும். அவர்கள் பிறவியிலேயே யோக்கியர்கள் என்பதால் வந்ததில்லை இது. ஆரம்பத்தில் அவர்களும் அடித்தார்கள். 2015-இல் டென்வர் நகரத்தில் மருந்துச் சந்தேகத்தில் ஆயிரக்கணக்கான செடிகளை அதிகாரிகள் முடக்கி வைத்தார்கள். மைக்ளோபியூட்டனில் என்று ஒரு பூஞ்சாணக்கொல்லி, திராட்சைக்கும் ஆப்பிளுக்கும் அடிப்பது, சூடாக்கினால் அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வரும். திராட்சையைக் கொளுத்தி யாரும் ஊதுவதில்லை. இதை ஊதுவார்கள். கனடாவில் அந்த எச்சம் கண்டுபிடித்துச் சரக்கைத் திரும்பப் பெற்ற கூத்தெல்லாம் நடந்த பிறகுதான் சோதனையைக் கட்டாயமாக்கினார்கள். சோதனை வந்ததும் வேறு வழியில்லாமல் பூச்சியைப் படிக்க ஆரம்பித்தார்கள். புழு எந்த ஆழத்தில் இருக்கிறது, எத்தனை வாரத்தில் ஈயாகிறது, எதைத் தின்கிறது, அதை எது தின்கிறது என்று.

ஏலக்காயும் கொதிக்கும் தண்ணீரில் போகிறதுதான். பாயசத்தில் போகிறது. கைக்குழந்தை மருந்தில்கூடப் போகிறது. 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் அளவுக்கு மேல் பூச்சிமருந்து எச்சம் என்று அறிக்கை வந்து, கேரள உயர்நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது, 6 லட்சத்துக்கும் மேற்பட்ட டின் மலையிலேயே தேங்கியது. அடுத்த வருஷம் மார்ச்சில் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது, அது வேறு வழக்கு, வேறு வாதம். எங்கள் ஊர்ப் பேச்சில் அந்தச் செய்தி எப்படி இருந்தது என்றால், டெண்டர் யாருக்குப் போனது, யார் யாரைப் போட்டுக்கொடுத்தார்கள், இதுதான். எச்சம் இருந்ததா என்று ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. பதினைந்து இருபது நாளைக்கு ஒரு தடவை அடிக்கிறவர்கள் வாழும் ஊரில் எதற்கு ஆச்சரியப்படுவது?

அவன் சொன்னதும் எனக்குப் பொருந்தியதும்

ஒட்டுப்பொறி எண்ணுவதற்குத்தான், ஒழிப்பதற்கு இல்லை என்றான் முதலில். அதில் ஒட்டுவது பெரும்பாலும் முட்டை போட்டு முடித்த கிழங்கள். புழு இருக்கிறதா என்று பார்க்க உருளைக்கிழங்கை வில்லையாக நறுக்கி மண்மேல் அழுத்தி வைக்கச் சொன்னான். ரெண்டு மூணு நாள் கழித்துத் திருப்பிப் பார்த்தேன். வில்லையின் ஈரமான அடிப்பக்கத்தில், கறுப்புத் தலையைக் கிழங்குக்குள் புதைத்துக்கொண்டு, உடம்பு மட்டும் வெளியே நெளிய, ஏழெட்டுப் புழு. உடம்பு வழியாக உள்ளே போன சாப்பாடு கறுப்புக் கோடாகத் தெரிகிறது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இத்தன அமளி" என்று போய்விட்டார்.

மண்ணைக் காயவிடு என்பது அவர்களுடைய முதல் விதி. மேல் மண் ரெண்டு அங்குலம் காய்ந்தால் முட்டை பொரிக்காது, குஞ்சுப்புழு செத்துப்போகும். கஞ்சாச் செடிக்கு நனைவதும் காய்வதும் மாறி மாறி வந்தால் பிடிக்கும், அதனால் அவர்களுக்கு அது சுலபம். என் மிளகுத் தண்டைக் காயவிட்டால் தண்டே போய்விடும். வேர்விடும் வரை அதற்கு ஈரக்காற்று வேண்டும். தவிர, ஆடி மாசத்துக் குமுளியில் துணியே காய்வதில்லை, மண் எங்கே காயும்? இந்த இடத்தில் அவன் யோசனை அப்படியே செல்லாது. ஆகவே மேலே ஒரு அங்குலத்துக்குக் கழுவிய எம்-சாண்ட் பரப்பினேன், தண்ணீரை மேலே ஊற்றாமல் தட்டில் ஊற்றிப் பையின் அடித்துளை வழியாக உறிஞ்ச விட்டேன். மேலே மணல் காய்ந்து கிடக்கும், கீழே வேருக்கு ஈரம் இருக்கும். ஈ மணலில் முட்டை போடாது. ஆனால் அது சும்மா இருக்குமா, அடித்துளை வழியாகப் போய்ப் போட்டது. பை வைத்த தட்டுக்குக் கீழே ஒளிந்திருந்ததைத் தட்டைத் தூக்கியபோதுதான் பார்த்தேன். அதற்குத் தட்டில் தண்ணீர் தேங்க விடாமல் ஒரு மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும், பையை மணல்மேல் உட்கார வைக்க வேண்டும்.

வேப்பம் புண்ணாக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் சொல்லும் முதல் யோசனை அது. தோட்டத்தில் நல்லது. காற்றோட்டமில்லாத அறையில் ஈரப் பையின் மேல் தூவினால் வெள்ளையாகப் பூஞ்சணம் பூக்கும், பூஞ்சணம் இந்த ஈக்குக் கல்யாண விருந்து. மாடியில் அதை நிறுத்தினேன்.

அப்புறம் பி.டி. இதில் நம் கடைகளில் ஒரு குழப்பம் உண்டு. பேசில்லஸ் துரின்ஜியென்சிஸ் என்று கேட்டால் காய்ப்புழுவுக்கான குர்ஸ்டாகி வகையை எடுத்துக் கொடுப்பார்கள். அது அந்துப்பூச்சிப் புழுவைக் கொல்லும், ஈப்புழுவை ஒன்றும் செய்யாது. வேண்டியது இஸ்ரேலென்சிஸ் வகை, 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஒரு கொசுக்குட்டையில் கண்டுபிடித்தது. கொசுப்புழு ஒழிக்கத் தேங்கிய தண்ணீரில் தெளிப்பார்களே, அதேதான். புழு அதைத் தின்ன வேண்டும், தின்றால் வயிற்றின் காரத்தில் அந்தப் புரதம் கரைந்து குடலைக் கிழிக்கும். கூட்டுப்புழுவும் ஈயும் தின்பதில்லை, அதனால் ஒரு தடவை ஊற்றிவிட்டு உட்கார்ந்துவிட முடியாது. முட்டையிலிருந்து ஈயாக மூணு நாலு வாரம் ஆகும், அதுவரை திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும். கடைக்காரருக்குப் பொறுமை இல்லை என்று சொல்வது சுலபம், வாங்குகிறவனுக்கும் இல்லை. ஒரு சிட்டிகையில் நாளைக்கே முடியும் என்கிற பேச்சோடு நாலு வாரம் என்கிற பேச்சு போட்டி போட முடியாது. எனக்கு ஆவணி முடிவதற்குள் அட்டையில் ஒன்றிரண்டு ஈதான் ஒட்டியது. முழுசாக ஒழிந்ததா என்றால் இல்லை, இன்னமும் எப்போதாவது ஒன்று டீயில் விழும். வேரைத் தின்கிற அளவுக்கு இல்லை, அவ்வளவுதான் வேண்டும்.

அவன் அறையில் இதோடு இன்னும் ரெண்டு உண்டு. குழாயில் வரும் ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் என்ற மண் சிலந்திப்பேன், அது புழுவைப் பிடித்துத் தின்னும். ஸ்டைனர்நீமா பெல்டியே என்ற நூற்புழு, புழுவின் உடம்புக்குள் புகுந்து கூடவே கொண்டுவரும் பாக்டீரியாவை விட்டுக் கொல்லும். நூற்புழு என்றதும் நான் முகம் சுளித்தேன், மிளகுக்காரனுக்கு நூற்புழு என்றால் வேர்முடிச்சுதான் ஞாபகம் வரும். "அது வேற இது வேற மாப்ள, இது பூச்சியத்தான் தின்னும்" என்றான். அதைச் சொல்லிவிட்டு, "ஒங்க ஊர்லயே ஒண்ணு இருக்கே, தெரியாதா?" என்றான்.

இருக்கிறது. ஹெட்டரோரேப்டிடிஸ் இண்டிகா. 1992-இல் கோயம்புத்தூரிலிருந்து உலகத்துக்கு அறிமுகமானது. எங்கள் வீட்டிலிருந்து எட்டிப்போனால் வரும் மயிலாடும்பாறையில், ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் அதைத்தான் ஏல வேர்ப்புழுவுக்குச் சிபாரிசு செய்கிறது. தேன்கூட்டை நாசம் பண்ணும் மெழுகுப் பூச்சியின் புழுவில் அந்த நூற்புழுவை ஏற்றி, செத்த புழுவையே தூருக்குப் பக்கத்தில் புதைக்கச் சொல்கிறார்கள். செத்த புழு அழுகிக் கறுப்பதில்லை, செங்கல் நிறத்துக்கு மாறும், உள்ளேயிருந்து ஆயிரக்கணக்கில் நூற்புழு வெளியேறி வேர்ப்புழுவைத் தேடிப் போகும். நான் பிறந்து வளர்ந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் விஷயத்தைக் கனடாவில் கஞ்சாவுக்குப் பூச்சி பார்க்கிறவன் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

ஏலம்

பக்கத்துத் தோட்டத்துச் சேட்டனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் முட்டாள் இல்லை, என்னைவிட நன்றாக ஏலம் வளர்ப்பவர். பொறுமையாகக் கேட்டார். புற்றடி ஏலத்திலோ போடி ஏலத்திலோ காயைக் கையில் அள்ளிப் பார்க்கிறவன் எதைப் பார்க்கிறான் என்று கேட்டார். நிறம், பருமன், எட்டு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறதா. மருந்தடிக்காத காய் என்று தட்டில் எழுதிவைத்தால் ஒரு ரூபாய் கூடுதலாகத் தருவானா? த்ரிப்ஸ் என்ற இலைப்பேனால் சொறி விழுந்த காய்க்கு நூறு ரூபாய் குறைப்பான், அது மட்டும் நிச்சயம். அரபு நாட்டுக்காரன் எச்சம் என்று சொல்லிச் சரக்கைத் திருப்பி அனுப்பினபோது என்ன ஆனது, அந்தச் சரக்கு உள்ளூரில் விற்றது, அவ்வளவுதான் என்றார். அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கனடாவில் என் மாப்பிள்ளைக்கு நல்ல புத்தி வந்தது சோதனைக்கூடம் வந்த பிறகு. இங்கே சோதனைக்கூடம் கப்பல் ஏறும் சரக்குக்கு இருக்கிறது, ஊரில் தின்கிறவன் வாங்கும் காய்க்கு எப்போதாவது ஒருவர் கோர்ட்டுக்குப் போனால் இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் அவரை இழுத்துவிட்டேன். வேர்ப்புழு மண்ணுக்குள் இருக்கிறது, காயின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, குருணையைக் கைவிட்டால் ஏலத்தில் அவருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. இந்தக் கணக்கு அவருக்குப் பிடித்தது. கோடை மழைக்குப் பிறகு நீலப்பச்சையாக மினுங்கும் வேர்ப்புழுவின் தாய்வண்டு இலைமேல் வந்து உட்காரும்போது ரெண்டு தோட்டத்திலும் ஒரே சமயத்தில் வலை வீசிப் பிடிப்பது, மழைக்காலத்தில் ஈரமான மண்ணில் சாயங்காலமாக மயிலாடும்பாறைப் புழுவைப் புதைப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். வேலியோரத்து நாலு வரிசையில் மட்டும். மேலே இலைக்கு அடிக்கும் மருந்தைப் பற்றி இப்போதைக்குப் பேசக்கூடாது என்பது அவருடைய நிபந்தனை. ஒத்துக்கொண்டேன். போகும்போது, அந்த கனடாக்காரப் பையன் என்ன செடிக்குப் பூச்சி பார்க்கிறான் என்று கேட்டார். மருந்துச் செடி என்றேன்.